பழைய பென்ஸ் செடானை ஆட்டோகிராஸில் எந்த வகுப்பில் இறக்குவது?

தக்கலை_டபிள்யூ124 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு தனியார் நிலத்தில் மண் ட்ராக் போட்டு ஆட்டோகிராஸ் நடத்தப் போகிறார்கள், அதாவது கோன் வைத்த வழியில் நேரம் பார்த்து வண்டி ஓட்டுகிற போட்டி. கோயம்புத்தூர் வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் நம்ம மாவட்டத்திலேயே ஒன்று வருகிறதே என்று படிவம் வாங்கினேன். வகுப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள், அங்கே பேனா நின்றுவிட்டது.

என்னிடம் இருப்பது மாமாவின் மெர்சிடிஸ் இ220. டபிள்யூ124 என்று சொல்கிற பழைய உடம்பு, 1996 மாடல், புனேயில் அசெம்பிள் செய்தது. பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல். மாமா மஸ்கட்டை விட்டு ஊருக்கு வந்ததும் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. இப்போது அவருக்கு முட்டுவலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதனால் சாவி என்னிடம். வண்டியில் ஒன்றையும் மாற்றவில்லை. டயர் 195/65 ஆர்15, சாதாரண ரோடு டயர்தான். கடைசியாக இந்த வண்டி செய்த பெரிய சாகசம், கொட்டாரத்திலிருந்து கல்யாண வீட்டுக்கு டிக்கி நிறைய மட்டிக்குலை ஏற்றி வந்தது.

படிவத்தில் உள்ள வகுப்புகள்: 1,100 சிசி வரை, 1,400 வரை, 1,650 வரை, 1,650க்கு மேல். அப்புறம் எஸ்யூவி, பெண்கள், திறந்த வகுப்பு. என் இன்ஜின் 2,199 சிசி. அப்படியானால் 1,650க்கு மேல் என்றுதான் போட வேண்டும். ஆனால் விசாரித்ததில், அந்த வகுப்புக்கு வருவதெல்லாம் உள்ளே ரோல் கேஜ் என்ற பாதுகாப்புக் கம்பிக்கூண்டு வைத்து, பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மண்ணுக்கென்றே பட்டன் டயர் போட்ட ராலி வண்டிகள். என் வண்டியில் பின்சீட்டுக்கு நடுவில் கை வைக்கத் திண்டு இருக்கிறது. அதுகளோடு நான் போய் நின்றால் வேடிக்கையாக இருக்காதா?

பெரிய சொகுசு செடான்களுக்கு என்று எங்கேயாவது தனி வகுப்பு உண்டா? இல்லை, எடை அதிகம் என்று சொல்லிக் கீழ் வகுப்பில் கேட்கலாமா? கப் வாங்கும் எண்ணம் இல்லை. ஆனால் கடைசிப் பெயராக வந்தாலும் நியாயமான ஆட்களோடு ஓட்டிக் கடைசியாக வர வேண்டும் என்று இருக்கிறது.


குலசேகரம்_ரப்பர் எழுதியது:

மக்கா, மரப்பட்டை வைத்த டாஷ்போர்டை மண்ணில் இறக்கப் போகிறாயா? மாமாவிடம் உண்மையைச் சொன்னாயா, இல்லை திருச்செந்தூர் போகிறோம் என்று சொல்லிச் சாவி வாங்கினாயா?

திறந்த வகுப்பில் போட்டுவிடு. அதில் யாரும் சிசி கேட்க மாட்டார்கள். நான் வீடியோ எடுக்க வருகிறேன்.


மார்த்தாண்டம்_டிஎஸ்ஐ எழுதியது:

உங்களுக்காவது இன்ஜின் 2,199 என்று ஆர்சி புத்தகத்திலேயே இருக்கிறது. என் கதையைக் கேளுங்கள். என்னுடையது போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1,197 சிசி. 1,400 வகுப்பில் சேர்த்துவிடலாம் என்று போனால், டர்போ இருக்கிறதே என்று கால்குலேட்டரை எடுக்கிறார்கள். எஃப்ஐஏ என்ற உலக மோட்டார் பந்தய அமைப்பின் விதியில், வகுப்பு பார்க்கும்போது சிசியை டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு 1.7 பெருக்கல், டர்போ டீசலுக்கு 1.5 பெருக்கல். 1,197ஐ 1.7ஆல் பெருக்கினால் 2,034.9. காகிதத்தில் நான் இரண்டு லிட்டர் வண்டிக்காரன். உங்கள் வகுப்பில்தான் நானும்.

உங்களுடையது டர்போ இல்லாத பழைய இன்ஜின் என்பதால் இருக்கிற சிசி அப்படியே நிற்கும். பிற்பாடு வந்த சொகுசு செடான்கள் பெரும்பாலும் டர்போதானே, அவற்றின் கணக்கு இன்னும் வேடிக்கை. ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ 1,798 சிசி, பெருக்கினால் 3,056. பிஎம்டபிள்யூ 520டி 1,995 சிசி டீசல், பெருக்கினால் 2,992. அதாவது சென்னைக்குக் குடும்பத்தோடு போகிற வண்டி மூன்று லிட்டர் பந்தய வண்டியாக ஆகிவிடும். உள்ளூர்ப் போட்டிகளில் சிலர் இந்தப் பெருக்கலைப் பார்க்கிறார்கள், சிலர் கண்டுகொள்வதில்லை. துணை விதிமுறை என்று ஒரு தாள் தருவார்கள், அதில் ஒரு வரி இருக்கும். வாங்கிப் படியுங்கள்.

திறந்த வகுப்பு வேண்டாம். ரப்பர் அண்ணன் விளையாட்டுக்குச் சொல்கிறார்.


வடசேரி_ஸ்பேனர் எழுதியது:

தம்பி, நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். 1,650க்கு மேல் என்றே எழுதுங்கள். கீழ் வகுப்பு தரமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். எடையைக் காட்டிக் கீழே இறங்கினால் அங்கே ஸ்விஃப்ட் ஓட்டுகிற பையன்கள் சும்மா இருக்க மாட்டார்கள், அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது வேறு ஒன்று: ரோடு டயரில், ஒன்றும் மாற்றாத வண்டிகளுக்கு ஒரு தனிப்பிரிவு.

காரணம் சொல்கிறேன். நான் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். இந்த மாதிரிப் போட்டிகளில் வண்டி சோதிக்கிற மேஜையில் உட்கார்ந்து பழக்கம் உண்டு. சிசி வைத்துப் பிரிப்பது ராலியிலிருந்து வந்த வழக்கம். சின்ன வண்டிகளுக்கு அது ஒத்துவரும். 1,400 வரை என்றால் ஸ்விஃப்ட், எஸ்டீம், ஐ20, ஃபிகோ என்று வரும். எடையும் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். அங்கே சிசி என்பது உண்மையான அளவுகோல். 1,650ஐத் தாண்டினால் அது குப்பைக்கூடை. சிட்டி விடெக் 1,493தான், அது கீழேயே நின்றுவிடும். மேலே வருவது பழைய ஆக்டேவியா, டர்போ போலோ, செடியா, யாரோ ஒருவரின் பென்ஸ். இவற்றுக்குள் பொதுவான ஒரே விஷயம் நான்கு சக்கரம்.

உங்கள் வண்டியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இ220க்கு 150 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 1,400 கிலோ. ஒரு டன்னுக்கு 107 வருகிறது. 2011 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு 87 குதிரைத்திறன், எடை 965 கிலோ சுமார். டன்னுக்கு 90. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் நீங்கள்தான் ஜெயிக்க வேண்டும். காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் என்றால் ஜெயிப்பீர்கள். கோன் வைத்த மண்ணில் கதை வேறு. ஸ்விஃப்டின் நீளம் 3,850 மில்லிமீட்டர், உங்களுடையது 4,740. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவிலான தூரம், அதாவது வீல்பேஸ், அது 2,430, இது 2,800. வளைத்து வளைத்துப் போகிற வரிசையில் முன்சக்கரம் கோனைத் தாண்டியதும் தாண்டிவிட்டோம் என்று திருப்புவீர்கள். பின்கதவுக்குக் கீழே டப் என்று சத்தம் கேட்கும். நீள வண்டி ஓட்டி முதல்முறை வருகிற எல்லோருக்கும் இந்தச் சத்தம் கேட்டே தீரும். ஒவ்வொரு கோனுக்கும் நேரத்தில் அபராதம் சேரும்.

இதெல்லாம் சேர்ந்தும்கூட டயர் அளவுக்கு வராது. மண் டயருக்குப் பட்டன் பட்டனாகக் கட்டைகள் இருக்கும். மேலே இருக்கிற பொடியைக் கிழித்துக் கீழே கெட்டி மண்ணைப் பிடிக்கும். ரோடு டயரில் பள்ளம் மெல்லியது, ஒரு சுற்றிலேயே மண் அடைத்து வழவழ என்று ஆகிவிடும். ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், டயரை மட்டும் மாற்றினால் வருகிற வித்தியாசம், இன்ஜினில் ஐம்பது குதிரை சேர்த்தாலும் வராது. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் டயரை வைத்தும் வண்டியில் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்பதை வைத்தும் பிரிக்க வேண்டும். அப்புறம் முன்சக்கர ஓட்டமா பின்சக்கர ஓட்டமா என்று பார்க்கலாம். சிசி கடைசியில் வந்தால் போதும். நம்ம ஆட்கள் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற சங்கம் இதை ஒழுங்காகச் செய்கிறது. மகள் அங்கே இருப்பதால் போயிருந்தபோது ஒரு காலி பார்க்கிங் மைதானத்தில் பார்த்தேன். அங்கே மண் கிடையாது, தார் தளத்தில் கோன் வைத்து ஓட்டுவது. ஒவ்வொரு மாடலையும் பெயர் சொல்லி எந்த வகுப்பு என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரீட் என்ற பிரிவில் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் மாற்றலாம், ஏர் ஃபில்டர் மாற்றலாம், வீல் அளவு ஒரு இன்ச் கூட்டலாம் குறைக்கலாம், இப்படிச் சில சின்ன மாற்றங்கள்தான். டயரின் தேய்மான எண் 200க்குக் கீழே போகக் கூடாது. சீக்கிரம் கரைகிற பந்தய டயரைக் கொண்டுவந்து ரோடு டயர் என்று ஏமாற்றாமல் இருக்க அந்த எண். பெரிய செடானை என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். சொகுசு என்று தனி வகுப்பு அங்கேயும் இல்லை. பின்சக்கரம் ஓட்டுகிற பெரிய எட்டு சிலிண்டர் வண்டி என்றால் அந்தப் பிரிவில் எஃப் ஸ்ட்ரீட் என்ற வகுப்பில் மஸ்டாங், கமாரோவோடு போய் நிற்கும். தோல் சீட் இருக்கிறதா, மரப்பட்டை இருக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கோன் இடித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடி.

நான் பார்த்த அன்று ஒரு வயசான மனுஷன் கப்பல் மாதிரி ஒரு கெடிலாக் கொண்டுவந்து ஓட்டினார். மெதுவாகத்தான் போனார். ஆனால் ஒரு கோன்கூட விழவில்லை. பக்கத்தில் மஸ்டாங்கில் வந்த பையன் வேகமாக ஓட்டி மூன்று கோனைத் தள்ளினான், ஆறு விநாடி போயிற்று. பட்டியலில் கெடிலாக் மேலே.

வகுப்பு விஷயம் இவ்வளவுதான். வண்டியைப் பற்றி இரண்டு சொல்லவேண்டும், ஆனால் முதலில் நீங்கள் சொல்லுங்கள்: ஸ்டியரிங்கில் பிளே எவ்வளவு இருக்கிறது?


தக்கலை_டபிள்யூ124 எழுதியது:

ஸ்பேனர் அண்ணாச்சி, இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு நன்றி. நடத்துகிறவர்களுக்கு போன் செய்து ரோடு டயர் பிரிவு பற்றிக் கேட்டேன். மறுக்கவில்லை. ஐந்து வண்டியாவது சேர்ந்தால் வைக்கிறோம், இல்லையென்றால் 1,650க்கு மேல் வகுப்பிலேயே ஓட்ட வேண்டும் என்கிறார்கள். நேரத்தை ஒரு எண்ணால் பெருக்கி எல்லா வண்டிகளையும் ஒரே பட்டியலில் வைக்கிற முறை ஒன்று உண்டாமே, அதைக் கேட்கலாமா?

ஸ்டியரிங்கில் நடுவில் கொஞ்சம் லூஸ் இருக்கிறது. மாமா இந்த வண்டியே அப்படித்தான் என்கிறார். அப்புறம் இன்னொரு சந்தேகம். ஹேண்ட்பிரேக் இழுத்து வண்டியைத் திருப்புவது என்று வீடியோக்களில் பார்க்கிறேன். என் வண்டியில் ஹேண்ட்பிரேக்கே கிடையாது. கிளட்சுக்கு இடதுபக்கம் காலால் மிதிக்கிற பெடல்தான்.


கருங்கல்_டீச்சர் எழுதியது:

தம்பி, நான் பெண்கள் வகுப்பில் ஸ்விஃப்ட் ஓட்டுகிறவள். பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லாத வாரமாகப் பார்த்துப் போவேன். உங்கள் ஐந்தில் ஒன்றாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வண்டியிலும் ரோடு டயர்தான். மண் டயர் ஒரு செட் வாங்குகிற காசில் நான் எத்தனையோ போட்டிக்கு நுழைவுக்கட்டணம் கட்டிவிடுவேன்.

ஸ்பேனர் அண்ணாச்சி வகுப்பு பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் நீள வண்டிக்காரருக்கு வகுப்பைவிட ட்ராக் முக்கியம். கோன் வாசல் எவ்வளவு அகலம், இரண்டு கோனுக்கு நடுவில் எவ்வளவு இடம் என்று முன்கூட்டியே கேளுங்கள். ட்ராக்கைக் காலையில் நடந்து பார்க்க விடுவார்கள். அப்போது எல்லோரும் சேர்ந்து பேசிக்கொண்டே நடப்பார்கள். நீங்கள் தனியாக, கோனுக்கு வெளிப்பக்கமாக, உங்கள் பின்சக்கரம் எந்த வழியே வரும் என்று அந்தக் கோட்டில் நடங்கள்.

எந்த நேரத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று நமக்குத் தெரியாததா? முப்பந்தலில் காற்றாலை நிற்கிற இடம். ஆனி, ஆடி என்றால் கேட்கவே வேண்டாம். அதில் ஒரு நல்லது, முன்வண்டி கிளப்பிய தூசி நிமிஷத்தில் ஒதுங்கிவிடும். கெட்டது, மேலே இருக்கிற பொடியை எல்லாம் காற்றும் டயரும் சேர்ந்து தள்ளிவிட்டு மத்தியானத்துக்குள் திருப்பங்களில் பள்ளம் விழுந்துவிடும். கனமான வண்டி அந்தப் பள்ளத்தில் சக்கரத்தைக் கொடுத்தால் அடித்தட்டு இடிக்கும். முடிந்தால் காலையிலேயே ஓட்டிவிடுங்கள். ரோடு டயர்காரர்களுக்குச் சிலசமயம் மத்தியானம் நல்லது, பொடி போய்க் கெட்டித் தரை வந்திருக்கும். உங்கள் வண்டி உயரத்துக்கு நான் காலையைத்தான் சொல்வேன்.

இன்ஷூரன்ஸ் பற்றி யாரும் பேசவில்லை. பாலிசி தாளில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். அதில் ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று போட்டிருப்பார்கள். நம்ம நாட்டில் எந்தக் கம்பெனி பாலிசி எடுத்தாலும் அந்த வரி உண்டு. ட்ராக்குக்குள் பம்பர் போனால் உங்கள் காசு. மாமாவிடம் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பிற்பாடு தெரிந்தால் மனஸ்தாபம்.


வடசேரி_ஸ்பேனர் எழுதியது:

டீச்சர் சொன்ன இன்ஷூரன்ஸ் விஷயத்தைத் தம்பி இரண்டுமுறை படிக்கட்டும்.

பெருக்கு எண் கேட்டீர்கள். அமெரிக்காவில் அது உண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு எண், மிக வேகமான வகுப்புக்கு ஒன்று, மற்றவற்றுக்கு அதைவிடக் குறைவு. உதாரணத்துக்கு 0.8 என்று வைத்தால் அறுபது விநாடியில் ஓட்டியவருக்கு நாற்பத்தெட்டு என்று எழுதுவார்கள். வேகமான வகுப்புக்கு எண் கூடுதலாக இருக்கும், மெதுவான வகுப்புக்குக் குறைவாக. அதனால் எல்லோரையும் ஒரே தாளில் வரிசைப்படுத்த முடியும். நான் இங்கே அதைக் கேட்க வேண்டாம் என்பேன். அந்த எண் வானத்திலிருந்து விழுவதில்லை. நாடு முழுக்க நடக்கிற போட்டிகளின் நேரங்களைச் சேர்த்து, வருஷா வருஷம் திருத்தி எடுக்கிற எண். அதுவும் தார் தளத்துக்கு. நம்ம செம்மண்ணுக்கு, ஒரு பென்சுக்கு, யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து 0.85 என்று எழுதினால் சாயங்காலம் சண்டைதான் மிஞ்சும். ஐந்து வண்டி சேர்க்கிற வழியைப் பாருங்கள். டீச்சர் வந்துவிட்டார். போலோவில் மண் டயர் போடாமல் வந்தால் மார்த்தாண்டம் தம்பியும் சேரலாம். டர்போ, பெருக்கல் எல்லாம் அந்தப் பிரிவில் வேண்டாம் என்றே நான் சொல்வேன். அதைப் பேசிப் பேசிச் சலித்துவிட்டது.

இப்போது வண்டி. மாமா சொன்னது பாதி சரி. டபிள்யூ124ல் இருப்பது இப்போதைய வண்டிகளில் வருகிற ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் இல்லை, குண்டு உருளுகிற பழைய மாதிரி ஸ்டியரிங் பாக்ஸ். நடுவில் கொஞ்சம் சோம்பல் இருக்கத்தான் செய்யும். ஆனால் கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். பாக்ஸைத் திருகி இறுக்குகிறேன் என்று யாராவது வந்தால் கையைத் தட்டிவிடுங்கள். இறுக்கினால் திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும். முதலில் ஐட்லர் ஆர்ம் என்ற, ஸ்டியரிங் கம்பியைத் தாங்குகிற சின்னக் கையின் புஷ்ஷைப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, வண்டி நேராக நிற்கும்போது ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் இடமும் வலமும் அசைக்கட்டும். நீங்கள் கீழே படுத்து, ஸ்டியரிங் பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் சட்டத்தில் பொருத்தியிருக்கிற அந்தச் சின்னக் கையைப் பாருங்கள். அது பக்கவாட்டில்தான் போக வேண்டும். மேலும் கீழும் தலையாட்டினால் புஷ் போய்விட்டது. சின்ன செலவு. அதை மாற்றினால் பாதி லூஸ் அங்கேயே போய்விடும்.

அடுத்து, பின்சக்கரத்துக்குப் பலத்தைக் கொண்டுபோகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் முன்னும் பின்னும் ரப்பர் வட்டு ஒன்று இருக்கும், போல்ட் துளைகளோடு. துளைக்கும் துளைக்கும் நடுவில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கல்யாண வீட்டுக்குப் போகிற ஓட்டத்துக்கு வெடித்த ரப்பர் இன்னும் நாலு வருஷம் ஓடும். கொடி ஆட்டியதும் கிளட்சைப் பட்டென்று விட்டால் அன்றைக்கே கிழியும். எப்படியும் இந்த வண்டியைக் கிளட்ச் உதறிக் கிளப்பாதீர்கள். இரண்டாயிரம் ஆர்பிஎம்மில் பைய விடுங்கள், பின்சக்கரம் சுற்றாமல் கிளம்பினால் அதுவே வேகம்.

ஹேண்ட்பிரேக் இல்லையே என்று கவலையே வேண்டாம். ஹேண்ட்பிரேக் திருப்பம் முன்சக்கரம் ஓட்டுகிற வண்டிக்குத் தேவை, அதற்குப் பின்பக்கம் தானாக வராது. உங்களுக்குப் பின்சக்கர ஓட்டம். இரண்டாவது கியரில், திருப்பத்துக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்து, ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் அதுவே பின்னால் சுற்றும். அளவாகக் கொடுங்கள். முன்சக்கரம் அந்த வண்டியில் நன்றாக மடங்கும், அது உங்களுக்கு லாபம். அந்தக் கால் பெடலை மட்டும் ஓட்டத்தின்போது தொடாதீர்கள். பல்லில் மாட்டி நிற்கும், டாஷ்போர்டில் இழுத்தால்தான் விடும்.

சோதனை மேஜைக்கு வரும்போது டிக்கி காலியாக இருக்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, முதலுதவிப் பெட்டி, மாமாவின் குடை, எல்லாம் வெளியே. கால் விரிப்பையும் எடுத்துவிடுங்கள், பெடலுக்குக் கீழே போய்ச் சிக்கும். பேட்டரி கிளாம்ப் ஆடக் கூடாது. இழுவைக் கொக்கி மாட்டுகிற இடத்தை நீங்களே முன்கூட்டித் திறந்து பார்த்துவையுங்கள். மண்ணில் சிக்கினால் ட்ராக்டர்காரர் பம்பரில் கயிறு கட்டுவார், அப்புறம் அழுது பிரயோசனமில்லை. ஹெல்மெட் கடன் வாங்கினாலும் தலைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.


குலசேகரம்_ரப்பர் எழுதியது:

அண்ணாச்சி, இவ்வளவு கேட்டபிறகு எனக்கும் ஆசை வந்துவிட்டது. என்னிடம் பழைய எஸ்டீம் ஒன்று ரப்பர் ஷீட் ஏற்றுவதற்கு வைத்திருக்கிறேன். டயர் ரோடு டயர்தான், பாதி வழுக்கை. உள்ளே பால் வாடை அடிக்கும். சேர்ப்பார்களா?


வடசேரி_ஸ்பேனர் எழுதியது:

வாடைக்கு விதி இல்லை. வழுக்கை டயருக்கு உண்டு. டயரை மாற்றிவிட்டு வா.


மார்த்தாண்டம்_டிஎஸ்ஐ எழுதியது:

பெருக்கல் இல்லை என்றால் நானும் வருகிறேன். நான்கு ஆயிற்று. ஐந்தாவதாக எங்கள் தெருவில் ஒரு சூப்பர்ப் டீசல் நிற்கிறது. அவரிடம் பேசிப் பார்க்கிறேன், பயந்த மனுஷன். ஆட்டோமேட்டிக் வண்டி சேர்ப்பார்களா?


வடசேரி_ஸ்பேனர் எழுதியது:

சேர்ப்பார்கள். கியரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவதில் பிடித்து ஓட்டச் சொல்லுங்கள். ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாட்டு பட்டனை அணைத்துப் பழகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மண்ணில் சக்கரம் சறுக்கியதும் வண்டியே ஆக்சிலேட்டரைப் பிடுங்கிக்கொள்ளும். நீளத்தில் அது பென்ஸைவிடவும் பெரிசு. தக்கலைத் தம்பிக்கு ஒரு ஜோடி கிடைத்த மாதிரி.


தக்கலை_டபிள்யூ124 எழுதியது:

சூப்பர்ப்காரர் சரி என்று சொல்லிவிட்டாராம், மார்த்தாண்டம் அண்ணன் இப்போதுதான் போன் செய்தார். ஐந்து பெயரையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். ரோடு டயர், மாற்றாத வண்டி, சிசி வரம்பு இல்லை என்று பிரிவை எழுதிக்கொண்டார்கள். பெண்கள் வகுப்பிலும் டீச்சர் தனியாக ஓட்டலாம், இரண்டுக்கும் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள்.

மாமாவிடம் இன்ஷூரன்ஸ் வரியைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பம்பர் போனால் உன் சம்பளத்தில் பிடிப்பேன், நானும் வருவேன், எனக்கு நிழலில் ஒரு நாற்காலி வேண்டும் என்றார்.

அண்ணாச்சி, ஐட்லர் ஆர்ம் புஷ் கிட் நாகர்கோவிலில் கிடைக்குமா, திருவனந்தபுரம் போகணுமா? கழற்றுகிற ஸ்டெப்னியையும் சாமானையும் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் வைத்துவிட்டு வரலாமா?


வடசேரி_ஸ்பேனர் எழுதியது:

கிட் என்னிடமே ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுவாருங்கள், மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம். சாமானையும் வைத்துக்கொள்ளலாம். மாமாவையும் கூட்டி வாருங்கள், அந்த வண்டியை வாங்கினவரிடம் பழைய சர்வீஸ் புத்தகம் இருந்தால் பார்க்க வேண்டும்.